ஷாட் இன் த ஆர்ம் - குன்னூர் ஊசியின் கதை

போன வாரம் வகுப்பில் 'ஷாட் இன் த ஆர்ம்' என்ற ஆங்கில மரபுத்தொடர் வந்தது. கையில் குண்டடி பட்டது என்று ஒருவன் அர்த்தம் சொல்ல, ஒரே சிரிப்பு :)

ஷாட் என்றால் இங்கே ஊசி. சோர்ந்து கிடப்பதற்குச் சட்டென்று தெம்பு கொடுக்கும் எதையும் இப்படிச் சொல்லலாம். பச்சைத் தேயிலை விலை ஏறினால் நீலகிரி சிறு விவசாயிகளுக்கு அது ஒரு ஷாட் இன் த ஆர்ம். நம்ம ஊரில் 'குளுக்கோஸ் ஏத்துன மாதிரி' என்போமே, அதேதான்.

ஊசி என்றதும் எனக்குக் குன்னூர்தான் ஞாபகம் வரும். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1900-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் சிகிச்சைக்கு இமயமலைப் பக்கம் கசௌலி வரை போக வேண்டும். எத்தனை நாள் ரயில் பயணம், யோசித்துப் பாருங்கள்! 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் இந்த நோயால் இறந்தார். அதன்பின் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையில் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி, 1907-ல் குன்னூரில் நிலையம் திறந்தார்கள்.

ஆனால் அந்த ஊசி கையில் போடுவதல்ல! ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் 14 நாள் வரை குத்துவார்கள். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று தாத்தா பயமுறுத்தியது இதைத்தான். 2004 கடைசியோடு இந்தியாவில் அந்த மருந்துத் தயாரிப்பு நின்றது. இப்போது திசு வளர்ப்பு முறைத் தடுப்பூசி, அதுவும் கையில்தான்.

(ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 1918-ல் இதே கட்டடத்தின் ஓர் அறையில் மெக்காரிசன் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்ததுதான். 1958-ல்தான் அங்கே போனது.)

நாட்டுக்கே ஊசி தந்த நிலையத்துக்கு 2008 ஜனவரியில் உரிமம் நிறுத்தப்பட்டது. உற்பத்தித் தர விதிகளைப் பின்பற்றவில்லை என்பது காரணம். கசௌலி, கிண்டி நிலையங்களுக்கும் அதே கதி. குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியை அரசு தனியாரிடம் வாங்க வேண்டியதாயிற்று. விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க முன்பே பணம் ஒதுக்கியிருக்கலாமே என்பது என் கருத்து.

2010-ல் அந்த நிறுத்தத்தை அரசு விலக்கிக்கொண்டது. மரபுத்தொடருக்கு உதாரணம் கேட்டால் இனி நான் இதைத்தான் எழுதப்போகிறேன் :)