நகைப்பிலிருந்து நன்மதிப்புக்கு: பிரித்தானியாவில் ஸ்கோடா மகிழுந்து குறித்த பொதுக்கருத்து மாற்றம்

முன்னுரை

ஒரு பொருளைப் பற்றிச் சமூகம் கொண்டிருக்கும் கருத்து, அப்பொருளின் தரத்தை அப்படியே காட்டுவதில்லை. செக் நாட்டு ஸ்கோடா மகிழுந்து இதற்குத் தக்க சான்றாகும். 1970களின் பிற்பகுதி முதல் 1990கள் வரை பிரித்தானியாவில் இவ்வண்டி கேலிக்குரிய மலிவுப் பொருளாகவே கருதப்பட்டது. இன்றோ அந்நாட்டின் காவல்துறையும் பயன்படுத்தும் நம்பகமான வண்டியாக அது மதிக்கப்படுகிறது. ஜெர்மானிய நிறுவனமான ஃபோக்ஸ்வாகன், நலிந்து கிடந்த ஒரு தொழிலகத்தை மீட்டெடுத்ததன் விளைவாகவே இம்மாற்றத்தை விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் முழுமையானதன்று. வண்டியின் தரம் மாறிய காலமும் மக்கள் மனம் மாறிய காலமும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொடக்கமும் வளர்ச்சியும்

1895இல் ம்லாடா போலஸ்லாவ் நகரில் வாட்ஸ்லாவ் லாரின் என்ற இயந்திரக் கைவினைஞரும் வாட்ஸ்லாவ் கிளெமெண்ட் என்ற புத்தக வணிகரும் இணைந்து மிதிவண்டித் தொழிலைத் தொடங்கினர். கிளெமெண்ட் தம் மிதிவண்டியைப் பழுதுபார்க்கும் பொருட்டு ஒரு ஜெர்மானிய நிறுவனத்திற்குச் செக் மொழியில் மடல் எழுதினார் என்றும், புரியும் மொழியில் எழுதுமாறு அங்கிருந்து விடை வந்தது என்றும், அதுவே சொந்தத் தொழிலுக்குத் தூண்டுகோலாயிற்று என்றும் நிறுவன வரலாறு கூறும். 1905இல் இவர்கள் முதல் மகிழுந்தை உருவாக்கினர். 1925இல் இந்நிறுவனம் பில்சன் நகரின் ஸ்கோடா பொறியியல் தொழிலகத்துடன் இணைந்தது. இவ்வாறு, கேலி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வளமான ஒரு தொழில்மரபு அங்கு நிலைபெற்றிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிலகம் அரசுடைமையானது. 1964 முதல் இயந்திரத்தைப் பின்புறம் கொண்ட வண்டிகள் வெளிவந்தன. 1976இல் அறிமுகமாகி, பிரித்தானியாவில் எஸ்டெல் என்ற பெயரில் விற்கப்பட்ட வண்டியும் அவ்வமைப்பையே கொண்டிருந்தது. மேற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் முன்புற இயந்திரத்திற்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது பழைய வடிவமைப்பாகவே தோன்றியது. கேலிக்கு ஓரளவு அடிப்படை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், நிறுவனம் தன் முதலீட்டைத் தானே முடிவுசெய்ய இயலாத திட்டமிட்ட பொருளாதாரச் சூழலில் இயங்கியது என்பதும் கருதத்தக்கது. தாயகத்தில் இதே வண்டிக்காக மக்கள் நெடுநாள் காத்திருந்தனர். கார்ப் பந்தயங்களில் தன் பிரிவில் அது தொடர்ந்து வெற்றி பெற்றும் வந்தது.

நகைச்சுவைத் துணுக்குகள் தரும் சான்று

அக்காலப் பிரித்தானியாவில் வழங்கிய துணுக்குகளுள் ஒன்று, ஸ்கோடாவின் பின்கண்ணாடியில் சூடேற்றும் கம்பிகள் ஏன் என்று வினவும். வண்டியைத் தள்ளும்போது கைகள் குளிராதிருக்க என்று அதுவே விடையும் தரும். இத்துணுக்கைத் தரத்திற்கான சாட்சியமாகக் கொள்ளலாகாது. ஏனெனில் சோவியத் நாட்டு லாடா மீதும், யுகோஸ்லாவியாவிலிருந்து அமெரிக்காவிற்குச் சென்ற யூகோ மீதும் இதே துணுக்கு சொல்லப்பட்டது. வண்டிகள் வேறு, வடிவமைப்பும் வேறு. பொதுவானவை இரண்டே: குறைந்த விலை, பொதுவுடைமை ஆட்சி நடந்த பிறப்பிடம். ஆகவே துணுக்கு வண்டியைக் காட்டிலும், அது வந்த திசையையும் அதை வாங்குவோரின் பொருளாதார நிலையையுமே இலக்காகக் கொண்டது எனலாம். நாட்டார் வழக்காற்றை வரலாற்றுச் சான்றாகக் கையாள்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது.

தரமும் மனமும்

1987இல் வெளிவந்த ஃபேவரிட் முன்புற இயந்திரமும் இத்தாலியின் பெர்டோனி நிறுவனம் வடிவமைத்த உடலமைப்பும் கொண்டது. தொழில்நுட்பத் திருப்பம் இங்கேயே, அதாவது ஆட்சி மாற்றத்திற்கும் ஃபோக்ஸ்வாகனின் வருகைக்கும் முன்பே, நிகழ்ந்துவிட்டது. பிரெஞ்சு நிறுவனமான ரெனோவும் போட்டியிட்ட நிலையில், 1991இல் ஃபோக்ஸ்வாகன் பங்குதாரராயிற்று. 2000இல் முழு உரிமையையும் பெற்றது. அதன் மூலதனமும் தரக்கட்டுப்பாட்டு முறைகளும் பெரும்பயன் விளைத்தன என்பது உண்மை. ஆயினும் 1994இல் அறிமுகமான ஃபெலிசியா, ஃபேவரிட்டின் அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டது. 'மீட்பு' என்னும் விளக்கம் ம்லாடா போலஸ்லாவ் பொறியாளர்களின் இப்பங்களிப்பை மறைத்துவிடுகிறது.

தரம் உயர்ந்தும் கேலி ஓயவில்லை. 2000இல் ஃபேபியாவிற்காகப் பிரித்தானியாவில் ஒளிபரப்பான விளம்பரங்களே இதற்குச் சான்று. அவற்றுள் ஒன்றில், வண்டி நிறுத்துமிடப் பணியாளர் ஒருவர், யாரோ விஷமிகள் ஸ்கோடா சின்னத்தை வண்டியில் ஒட்டிவிட்டதாக உரிமையாளரிடம் வருந்திக் கூறுகிறார். பார்வையாளரிடம் முற்சாய்வு இல்லையெனில் இவ்விளம்பரத்தில் நகைப்புக்கு இடமில்லை. ஃபேவரிட் வெளிவந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னும் இழிவுணர்வு நீடித்தமை இதனால் புலனாகிறது. அதேவேளை, நகைப்பின் இலக்கு இங்கு இடம்மாறுகிறது. முன்பு வண்டி நகைப்புக்குள்ளாயிற்று. இப்போது வண்டியை அறியாமல் இகழ்பவரே நகைப்புக்குள்ளாகிறார். வண்டியின் சிறப்புகளை அடுக்குவதை விடுத்து முற்சாய்வையே பேசுபொருளாக்கியமை இவ்விளம்பரங்களின் தனித்தன்மையாகும்.

இந்திய ஒப்பீடு

2001இல் அவுரங்காபாத் தொழிலகத்தின் வழியாக ஸ்கோடா இந்தியாவில் கால்பதித்தது. முதலில் விற்பனைக்கு வந்த ஆக்டேவியா, மாருதி போன்ற சிறுவண்டிகளுக்கு மேலான விலைப்பிரிவில் அமைந்து, உயர்தர ஐரோப்பிய வண்டியாகவே வரவேற்கப்பட்டது. பிரித்தானியத் தெருவில் அதே சின்னம் தயக்கத்தை எழுப்பிய காலம் அது. இந்திய வாங்குநருக்கு அப்பழந்துணுக்குகள் அறிமுகமாகியிருக்கவில்லை. சின்னம் ஒன்றே ஆயினும் மதிப்பு வேறுபட்டமைக்கு, அவ்வச்சமூகத்தின் நினைவே அடிப்படையாயிற்று.

முடிவுரை

ஸ்கோடா பற்றிய பிரித்தானியக் கேலி, பனிப்போர்க் காலத்தின் புவியரசியலும் வர்க்க உணர்வும் கலந்த ஒரு பார்வையாகும். வண்டியின் குறைகள் அதற்கு வாய்ப்பளித்தன. ஆனால் அக்குறைகள் நீங்கிய பின்னரும் கேலி பல்லாண்டுகள் நிலைத்தது. நல்ல வண்டியை உருவாக்கியதோடு, இகழ்ச்சியையே வெளிப்படையாகப் பேசியதும் கருத்து மாற்றத்திற்குத் துணைசெய்தது. நுகர்பொருள் வரலாற்றை எழுதுவோர், ஒரு பொருளின் இழிபெயரை அதன் தரத்திற்கான ஆவணமாகக் கொள்வதற்கு முன், அப்பெயரை வழங்கியவர் யார், எங்கிருந்து வழங்கினர் என்று வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போதுதான் ஃபேவரிட்டை உருவாக்கியோரின் உழைப்பு தொழில் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.