தப்பும் கிற்றாரும் ஒரே மேடையில்: 'மகிழ்ச்சி' அல்பம் ஊவாத் தோட்டங்களுக்குச் சொல்வது

சென்னையைச் சேர்ந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் அல்பம் 'மகிழ்ச்சி'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு, 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறியது. சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. வடசென்னை மரண வீடுகளில் பாடப்பட்ட கானா, றொக், ராப் மூன்றையும் இவர்கள் கலந்தார்கள். எலெக்ட்ரிக் கிற்றாருக்குப் பக்கத்தில் பறை நின்றது. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டுப் பொருளாயின.

பதுளைப் பக்கத் தோட்டங்களில் இந்தப் பாடல்களைக் கேட்கும் இளைஞர்களுக்குப் பறை புதிதல்ல. இங்கே அது தப்பு. முற்காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டது தப்புச் சத்தம். காமன் கூத்து, திருவிழா, இழவு எதுவும் அது இல்லாமல் நடப்பதில்லை. ஆனால் தப்படிப்பது 'இன்ன சாதியின் வேலை' என்ற பேச்சு லயங்களில் இன்னும் இருக்கிறது. அந்த வெட்கத்தால் தகப்பனின் தப்பைத் தொடாத பையன்களை நான் அறிவேன்.

குழுவில் பாடிய அறிவுக்கு மலையகத்தோடு இரத்த உறவு உண்டு. 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய அவரது பாட்டியின் கதையிலிருந்து வந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை வழங்கவும் முடிவெடுத்தது. யாரும் அந்த மக்களிடம் கேட்கவில்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களைவிட்டு வன்னிக்குப் போன குடும்பங்களும் உண்டு. 2009 வரையான போரை அவர்களும் சுமந்தார்கள். அங்கேயும் 'தோட்டக்காட்டான்' என்ற வசவு அவர்களை விடவில்லை. எல்லோரையும் ஒன்றாக விரட்டிய போர்கூட நமக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை அழிக்கவில்லை.

'மகிழ்ச்சி' என்ற பெயரை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். இழவுக்கு அழைக்கப்பட்ட வாத்தியம் கொண்டாட்டத்தின் நடுவில் வந்து நிற்கிறது. அதை அடிப்பவர் கலைஞராக அறிமுகமாகிறார். ஊவாவில் தப்படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களின் அடிகளைப் பதிவு செய்து, பதிவில் அவர்களின் பெயரையும் போடுவதுதான் இங்குள்ள இளைஞர்கள் தொடங்க வேண்டிய முதல் அல்பம்.