ஆஸ்திரேலியத் தொழிலாளர் சட்டத்தின் அரசமைப்பு வரம்பு

கூலி, வேலை நேரம், பணிநீக்கம் பற்றிப் பொதுவாகச் சட்டமியற்றும் அதிகாரத்தை 1901-இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசமைப்பு மைய நாடாளுமன்றத்துக்குத் தரவில்லை. ஒரு மாநில எல்லையைத் தாண்டும் தொழில் தகராறுகளைச் சமரசத்தாலும் நடுவர் தீர்ப்பாலும் தீர்க்கலாம் என்பதோடு 51-ஆம் பிரிவின் 35-ஆம் உட்பிரிவு நின்றுகொண்டது. 1890-இன் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் மறவாத அந்தக் காலத்திலும் அரசமைப்பை வரைந்த மாநாட்டில் இந்த அளவுக்கான ஒப்புதல் சில வாக்குகள் வித்தியாசத்தில்தான் கிடைத்தது.

1904-இல் நடுவர் நீதிமன்றம் அமைந்தது. நியாயமான கூலி தரும் ஆலைகளுக்குக் கலால் விலக்கு என்ற 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஹார்வெஸ்டர் வழக்கில் நீதிபதி ஹிக்கின்ஸ் 1907-இல் நாளுக்கு 7 ஷில்லிங் என்று நிர்ணயித்தார். மறு ஆண்டே உயர் நீதிமன்றம் (அந்நாட்டில் அதுவே உச்ச நீதிமன்றம்) அந்தக் கலால் சட்டத்தைச் செல்லாதென்றது. ஆனாலும் 7 ஷில்லிங் அடிப்படைக் கூலியாக நிலைத்துவிட்டது.

தகராறு எல்லை தாண்டியாக வேண்டுமே! சங்கங்கள் அதற்கு வழி கண்டன. எந்த முதலாளியும் ஏற்க முடியாத அளவுக்கு ஊதியம் கேட்டு, பல மாநில முதலாளிகளுக்குக் கோரிக்கைப் பட்டியலை அனுப்பும். மறுத்தாலும் பதிலே போடாவிட்டாலும் தகராறு பிறந்ததாகக் கணக்கு. வேலை ஒரு நாளும் நிற்காத இந்தக் காகிதத் தகராறுகளை உயர் நீதிமன்றமும் ஏற்றது. மிகையாகக் கேட்பதிலும் ஒரு கணக்கு உண்டு: கேட்ட அளவைத் தாண்டி நடுவர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்க முடியாது.

அதிகாரத்தை நேரடியாக விரிவாக்கக் கோரிய பொதுவாக்கெடுப்புகள் தொடர்ந்து தோற்றன. 1946-இல் நாடளாவிய பெரும்பான்மை கிடைத்தும், பெரும்பான்மை மாநிலங்களும் ஆதரிக்க வேண்டும் என்ற விதிக்கு மாறாக ஆறு மாநிலங்களில் மூன்றே ஆதரித்ததால் பலனில்லை. மக்கள் மறுத்ததை நீதிமன்றம்தான் கடைசியில் தந்தது. வணிக நிறுவனங்கள் பற்றிய 20-ஆம் உட்பிரிவை 1971-இன் கான்கிரீட் குழாய் வழக்கு விரித்துப் படித்தது. அதைப் பற்றிக்கொண்டு பிரதமர் ஹோவார்டின் அரசு 2005-இல் ‘ஒர்க் சாய்சஸ்’ என்ற தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அதை எதிர்த்து மாநிலங்கள் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் 2006 நவம்பரில் 5-2 என்று தோற்றது. மாறுபட்டவர்கள் நீதிபதிகள் கிர்பி, கலினன். மறு ஆண்டுத் தேர்தலில் ஹோவார்டு ஆட்சியையும் தம் தொகுதியையும் இழந்தார். நடுவர் முறையைக் கைவிட முயன்று 1929-இல் பிரதமர் புரூஸ் பட்டதும் இதே பாடுதான்.

2009-இன் ‘ஃபேர் ஒர்க்’ சட்டமும் பெரும்பாலும் அதே உட்பிரிவில்தான் நிற்கிறது. நிறுவனமல்லாத தனியார் முதலாளிகளை அது எட்ட, மாநிலங்கள் தம் அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் ஒப்படைக்கவில்லை. அங்கே தனிநபர் நடத்தும் கடையின் ஊழியருக்கு இன்றும் மாநிலச் சட்டமே பொருந்தும்.