ஊர்ப் பேச்சும் அளவை நூலும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ‘வாதம் பண்ணாதே’ என்றால் சண்டையை வளர்க்காதே என்று பொருள். மதரஸாக்களில் ஓதப்படும் மன்திக் கலையிலோ வாதம் என்பது வேறு: ஆதாரக் கூற்றுகள் இரண்டு, அவற்றிலிருந்து தவிர்க்க இயலாமல் பிறக்கும் முடிவு ஒன்று. இவ்வடிவம் இல்லாததால் ஊர்ப் பேச்சில் வாதமே இல்லை என்போரை நாம் ஏற்பதற்கில்லை.

வரப்புத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். “இந்தப் பனை எங்கள் பாட்டன் வைத்தது, நிலம் எங்களுடையது” என்கிறார் ஒரு சம்சாரி. இடையில் ஒரு கூற்று மறைந்திருக்கிறது: மரம் வைத்தவருக்கே மண்ணும் உரியது என்பது. கேட்பவரும் ஒப்புக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அது சொல்லப்படவில்லை. இத்தகைய வாதத்தை அரபு அளவையாளர்கள் ‘ளமீர்’ என்றனர். உள்ளத்தில் மறைந்திருப்பது என்று பொருள். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் ‘அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்’ நூலில், நபி இப்ராஹீம் (அலை) சூரியனைச் சுட்டி மன்னனிடம் நிகழ்த்திய வாதத்தை எடுத்து, சொல்லாமல் உணர்த்தப்பட்ட கூற்றை நிரப்பி, அது முழுமையான அளவை வடிவமே எனக் காட்டினார். சுருங்கச் சொல்வது குறையன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

நிரப்பிப் பார்ப்பதில் பயனும் உண்டு. பனை ஒருவருக்கும் அது நிற்கும் மண் இன்னொருவருக்கும் பாத்தியமாக இருப்பது தமிழகத்தில் அரிதன்று. மறைந்த கூற்று வெளியே வந்ததும் நம் சம்சாரியின் வாதம் ஆட்டம் காண்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த நிரப்பும் வேலை மனு எழுதுவோர் கைக்கு வந்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர் அவ்வாறு மனு எழுதி முன்னேறி, பட்டம் பெறாமலே வக்கீலாக வாதாட அனுமதி பெற்றவர். ஊர்ப் பேச்சைக் கோர்ட்டு ஏற்கும் வடிவில் பெயர்ப்பதே அத்தொழில். எளிதான வேலையன்று. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 60ஆம் பிரிவில், கண்டவரே கண்டதையும் கேட்டவரே கேட்டதையும் வந்து சொல்ல வேண்டும் என்றது. ‘ஊருக்கே தெரியும்’ என்பது சாவடியில் மறுக்க முடியாத வாதம். கோர்ட்டில் பெரும்பாலும் அது செல்லாது. பொது உரிமை, வழக்கம் போன்றவற்றுக்கு மட்டும் அச்சட்டம் சிறிது இடம் விட்டது.

ஃபிக்ஹு நூலார் இதில் நுட்பமானவர்கள். நேரில் அறிந்ததற்கே சாட்சி என்பது அவர்களுக்கும் பொதுவிதிதான். எனினும் வம்சம், மரணம், வக்ஃபு ஆகியவற்றில் ஊரறிந்த செய்தியைத் ‘தஸாமுஃ’ என்ற பெயரில் ஏற்றனர். தலைமுறைகளுக்கு முன் ஒரு கபரஸ்தானை வக்ஃபு செய்தவரைக் கண்ட சாட்சியை எங்கே தேடுவது? பத்திரம் இல்லாத பழைய அடக்கத்தலங்களுக்கு ‘எங்கள் முன்னோரை இங்கேதான் அடக்கி வருகிறோம்’ என்பதே வாதம். நெடுங்காலப் பயன்பாடே ஓரிடத்தை வக்ஃபாக்கும் என்பது அதில் மறைந்துள்ள கூற்று. 1954, 1995 ஆம் ஆண்டுகளின் வக்ஃபுச் சட்டங்கள் அதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தன. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. முன்பே பதிவானவற்றுள் தகராறுக்கு உட்படாதவையும் அரசு நிலம் அல்லாதவையும் மட்டும் அப்படியே நீடிக்கும். பதிவேறாத அடக்கத்தலத்தின் ஜமாஅத்தார் இனி வேறோர் ஆதாரக் கூற்றைத் தேடியாக வேண்டும்.