சிப்ஸ் பாக்கெட்டில் பதிந்த காலடி

2007-ல் பிரிட்டன் கடைகளில் விற்ற வாக்கர்ஸ் சிப்ஸ் பாக்கெட்டில் சின்னதாக ஒரு காலடி அச்சாகி வந்தது. கூடவே 75 கிராம் என்று ஓர் எண். சிப்ஸின் எடை 34.5 கிராம்தான். உருளைக்கிழங்கு விளைவதில் தொடங்கி, காலிப் பாக்கெட் குப்பைக்குப் போகும்வரை காற்றில் கலந்த கரியமில வாயுவின் கணக்கு அந்த 75. தின்கிற பண்டத்தைப் போல இருமடங்குக்கும் மேல்!

கணக்குப் போட உதவியது, பிரிட்டன் அரசு 2001-ல் தொடங்கிய கார்பன் ட்ரஸ்ட். அந்தக் காலடி முத்திரையைவிட, கணக்கைப் போடும்போது அகப்பட்ட விஷயம்தான் என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

நம் வீட்டில் வாழைக்காய் சிப்ஸ் போடுகிறவர்கள் சீவலைத் துணியில் பரப்பி ஈரம் போக்குவார்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் படபடவென்று தெறிக்கும். பொரியவும் நேரமாகும், அடுப்பும் கூடுதலாக எரியும். பிரிட்டனில் நடந்தது நேர் எதிர். வாக்கர்ஸ் நிறுவனம் கிழங்கை எடை பார்த்து வாங்கியது. எடை குறையக் கூடாது என்று விவசாயிகள் கிடங்குக் காற்றில் ஈரம் ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரச் செலவு. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெளியேற்ற ஆலையில் மறுபடி எரிபொருள். விவசாயிகள் மேல் குற்றமில்லை, கொள்முதல் முறை அப்படி. தண்ணீருக்கு விலை கொடுக்காமல் கிழங்கின் சத்துக்கு விலை கொடுத்தால் புகையும் குறையும், செலவும் குறையும் என்பது அப்போதுதான் புரிந்தது. சிப்ஸ் வாங்குகிறவர் ஒரு காசுகூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. முத்திரையின் உண்மையான பலன் இதுதான் என்று நம்புகிறேன்.

அதே 2007-ல் பிரிட்டன் கடைத்தொடரான டெஸ்கோவின் தலைமை நிர்வாகி டெர்ரி லேஹி, தங்கள் கடைகளின் 70,000 பொருட்களுக்கும் முத்திரை தருவோம் என்று வாக்களித்தார். ஒரு பொருளின் கணக்கை முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. மற்ற கடைகளும் பின்தொடரவில்லை. 2012-ல் டெஸ்கோ அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

முத்திரையைப் பார்த்து மக்கள் வாங்கும் பொருளை மாற்றுவார்களா? ஆஸ்திரேலியாவின் பாலினா பகுதியில் ஒரு மளிகைக் கடையில் ஆய்வாளர் ஜெரோம் வான்க்ளே குழுவினர் மூன்று மாதம் சோதித்தார்கள். பால், வெண்ணெய் போன்ற 37 பொருட்களில் கரியமில வாயுக் கணக்கு குறைந்ததற்குப் பச்சைக் காலடி, மிகுந்ததற்குக் கறுப்பு. பச்சையின் விற்பனை 4 சதவீதம் ஏறியது, கறுப்பு 6 சதவீதம் இறங்கியது. பச்சைக் காலடி பதிந்த பொருளே விலையிலும் மலிவாக இருந்த இடத்தில், கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறிய விற்பனை 20 சதவீதம்.