உடப்புசல்லாவைச் சிறு புகையிரதம்

1885ஆம் ஆண்டில் மலைநாட்டுப் பிரதான இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியபோது, அங்கிருந்து நுவரெலியாவுக்கு எஞ்சியிருந்தது ஐந்தாறு மைல் தூரமே. ஆயினும் பாதை அந்நகரை நாடிச் செல்லவில்லை. ஊவாவை நோக்கித் திரும்பிப் பட்டிப்பொலையைக் கடந்து, 1894இல் பண்டாரவளையை அடைந்தது. ஆங்கிலேயர் குளிர்வாசத்துக்கென உருவாக்கிய நகரும், அதற்கப்பால் இராகலை வரை பரந்த தேயிலைத் தோட்டங்களும் ஒருபுறமாக ஒதுங்கி நின்றன.

இக்குறையைத் தீர்க்கவே உடப்புசல்லாவைப் பாதை எழுந்தது. 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் வண்டிகள் ஓடின. மொத்த நீளம் ஏறக்குறைய 19 மைல். பிரதான பாதையின் தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி அகலமிருக்க, இதற்கோ இரண்டரை அடியே. அகலங் குறைந்தால் வளைவுகளைக் குறுக்கலாம். மலையைக் குடையும் செலவும் குறையும். சுமார் 5,300 அடி உயரத்திலுள்ள நானுஓயாவிலிருந்து புறப்பட்ட அச்சிறு வண்டி, கந்தப்பளையில் 6,300 அடிக்கும் மேலே ஏறிவிடும். பிரதான பாதையின் உச்சி நிலையமான பட்டிப்பொல கூட அவ்வளவு உயரமன்று. பெருவண்டி எட்டாத உயரத்தைச் சிறுவண்டி எட்டியது!

ஆனால், சிக்கனம் செய்த இடத்திலேயே சிக்கலும் இருந்தது. இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி நேரே கொழும்புக்குச் செல்ல இயலாது. சிறு பாதையின் பெட்டிவண்டி பெரும்பாதையில் ஓடாதாகையால், நானுஓயாவில் யாவற்றையும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். உரமும் அரிசியும் தோட்டங்களுக்கு வருகையிலும் அதே கதைதான். மாட்டு வண்டியோடு போட்டியிட்ட காலத்தில் இத்தொல்லை பெரிதாகத் தோன்றவில்லை. மோட்டார் லொறி வந்ததும் நிலைமை மாறிற்று. தொழிற்சாலை வாசலில் ஏற்றிய பெட்டியை அது இடையில் இறக்காமலே கொண்டு சென்றது. பிரயாணிகளுக்கோ பஸ் வசதி வாய்த்தது. பாதை குறுகியதன்று, அது பிறபாதையோடு இணையாததே அதன் நோய் எனலாம்.

1940இல் பிரயாணிகள் சேவை நின்றது. சரக்கு வண்டிகள் 1948 வரை ஓடி ஓய்ந்தன. அப்பெட்டிகளை நிறைத்த கொழுந்தைப் பறித்த தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேதான்.

இன்றும் புகையிரதத்தில் நுவரெலியாவுக்கு வருவோர் நானுஓயாவில் இறங்கி, எஞ்சிய தூரத்தைத் தெருவழியே கடக்கின்றனர்.