நாலு ஷில்லிங் சமையல்

வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளி. ஒரு கைக்குழந்தை. ‘கறியைத் தொடவே மாட்டேன்’ என்கிற அத்தை ஒருத்தி. கையில் இருப்பதோ சொற்பக் காசு. இத்தனை பேருக்கும் சத்தாகச் சமைத்துப் போடுவது எந்த ஊர்க் குடும்பத் தலைவிக்கும் தலைவலிதான். அந்தத் தலைவலியை ஓர் அரசாங்கமே தன் தலையில் ஏற்றிக்கொண்ட கதை இது.

1936. ஜான் பாய்ட் ஓர் என்கிற விஞ்ஞானி, பிரிட்டனில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்துப் புத்தகமாகவே போட்டார். படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் தாய்நாட்டில் பாதிப் பேருக்குப் போதிய சத்துணவு கிடையாது! அடிமட்டத்தில் 45 லட்சம் பேர். அவர்கள் சாப்பாட்டுக்குச் செலவழிக்க முடிந்தது தலைக்கு வாரம் 4 ஷில்லிங்தான். ரொட்டி, மார்ஜரின், உருளைக்கிழங்கு, டீ... வயிறு ரொம்பும், உடம்பு தேறாது.

‘ஏழைப் பெண்களுக்குச் சரியாகச் சமைக்கத் தெரியவில்லை’ என்று பெரிய மனிதர்கள் உபதேசம் செய்துகொண்டிருந்த காலம். ஓர் காட்டிய கணக்கு வேறு. வருமானம் ஏற ஏற, பாலும் முட்டையும் பழமும் தானாகத் தட்டுக்கு வந்துவிடுகின்றன. ஆக, கோளாறு கரண்டியில் இல்லை... பர்ஸில்!

1939-ல் போர் வெடித்தது. சாப்பாட்டில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்த தீவு அது. அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாட ஆரம்பித்தன. உள்ளூரில் விளைவதை மட்டும் தின்று ஒரு தேசம் தெம்பாக இருக்க முடியுமா?

கேம்பிரிட்ஜில் ராபர்ட் மெக்கான்ஸ், எல்சி விட்டோசன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ‘எங்கள் உடம்பிலேயே சோதித்துவிடுகிறோம்’ என்று கிளம்பினார்கள். நண்பர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று மாதம் ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறி வயிறு முட்ட. கறி, மீன், பால், சர்க்கரை எல்லாம் துளித்துளி. வாரத்துக்கு ஒரே ஒரு முட்டை. பிறகு நடுங்கும் குளிரில் ஏரி மாவட்டத்து மலைகளில் ஏறி இறங்கினார்கள். யாரும் மயங்கி விழவில்லை! இரண்டே புகார்கள். ரொட்டியை மென்று முடிக்க நேரம் பிடித்தது, வயிற்றில் வாயுத் தொல்லை.

உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறையலாம் என்பதும் தெரிந்தது. பின்னால் கோதுமை மாவில் அதையும் கலந்தார்கள்.

1940 ஜனவரி 8. பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் ரேஷன் வந்தது. டீ, சீஸ் என்று பட்டியல் நீண்டது. ராஜா வீட்டுக்கும் ரேஷன் புத்தகம், துறைமுகக் கூலி வீட்டுக்கும் அதே புத்தகம். ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் எடைக் கணக்கு கிடையாது, விலைக் கணக்குதான். மலிவான துண்டாகப் பார்த்து வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும். கெட்டிக்காரப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். உணவு அமைச்சர் வூல்டன் பிரபு, விலை எகிறாமல் அரசு மானியம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். போர் முடியும்வரை ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் ரேஷனே இல்லை.

கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை நிறப் புத்தகம். அதை நீட்டினால் தினம் ஒரு பைண்ட் பால், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, மலிவு விலையில். பரம ஏழைகளுக்கு இலவசம்! ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும்கூட வந்தன.

சரி, அந்த அத்தை? கறிக்கான பங்கை விட்டுக்கொடுத்த சைவர்களுக்கு சீஸ் கூடுதலாகக் கிடைத்தது. சர்க்கரை நோயாளி தன் சர்க்கரையை விட்டுக்கொடுத்தால், புரதமும் கொழுப்பும் உள்ள வேறு உணவு. எல்லோருக்கும் சமம் என்றால் எல்லோருக்கும் ஒரே தட்டு என்று அர்த்தமில்லை என்பது அதிகாரிகளுக்குப் புரிந்திருந்தது.

அலுப்பில்லாமல் இல்லை. கால்கடுக்க க்யூ, பழுப்பு நிற ரொட்டி மேல் எரிச்சல், கள்ளச் சந்தை எல்லாம் உண்டு. ஆனால் போர் முடிந்தபோது குழந்தை இறப்பு விகிதம் போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. குண்டு விழுந்த காலத்தில் ஏழைப் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள்! அவர்களுக்குச் சமைத்துப் போட்டது, ‘சமைக்கத் தெரியாதவர்கள்’ என்று பேர் வாங்கிய அதே அம்மாக்கள்தான்.

கதையை இங்கேயே முடித்தால் மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் 1943-ல், அதே லண்டன் சர்க்காரின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் அரிசி விலை கூலிக்காரர்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. செத்தவர்கள் 15 லட்சம் என்றது அரசு நியமித்த விசாரணைக் குழு. 30 லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள்.

அந்த வங்காளத்துத் தாய்மார்களுக்கும் சமைக்கத் தெரிந்துதான் இருந்தது. அவர்கள் கையில் பச்சைப் புத்தகம்தான் இல்லை.